‘டீஸ்’: ஒரு கேலிச் சொல்லின் வரலாறு

மொழியில் வழங்கும் சொற்களுட் பல மக்களின் தொழிற்களங்களிலே பிறந்தவை. உழவனின் வயலிலும், கொல்லனின் உலையிலும், நெசவாளனின் தறியிலும் முதன்முதல் வழங்கிய சொற்களே காலப்போக்கில் மாந்தரின் மனவியல்பையும் நடத்தையையும் உணர்த்தும் சொற்களாயின. தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். பருத்தியிலிருந்து திரிக்கப்படும் இழைக்கும் அறிஞர் இயற்றும் ஏட்டுக்கும் அஃது ஒருங்கே பெயராயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலிலே, சொல் பஞ்சாகவும் புலவன் அதனை நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கப்பட்டு இவ்வுறவு விளக்கப்படுகின்றது. பருத்தி விளையும் நாட்டினராகிய தமிழருக்குப் பஞ்சு கல்விக்குரிய ஒரு சொல்லைத் தந்தது. ஆடு மேய்க்கும் குளிர்நாட்டினராகிய ஆங்கிலேயருக்கோ ஆட்டு மயிர் வேறொரு சொல்லைத் தந்தது. கேலி செய்தல், சீண்டுதல், தொல்லைப்படுத்துதல் என்னும் பொருள்களில் வழங்கும் ‘டீஸ்’ என்பதே அச்சொல்.

கம்பளித் தொழிலாளியின் கையிற் பிறந்த இச்சொல் கேலிக்குரிய சொல்லானது எவ்வாறு? விளையாட்டையும் துன்பத்தையும் ஒரே பெயரால் அது சுட்டத் தொடங்கியபின் நேர்ந்த விளைவுகள் யாவை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது சொல்லாராய்ச்சியின் இன்பத்தை மட்டுமன்றிச் சமுதாயத்துக்கு வேண்டிய ஓர் உண்மையையும் தருவதாகும்.

இடைக்காலத்து இங்கிலாந்தின் செல்வம் பெரும்பாலும் ஆட்டு மயிரிலேயே தங்கியிருந்தது. அதன் அடையாளத்தை இலண்டனிலுள்ள பிரபுக்கள் சபையில் இன்றுங் காணலாம். அச்சபைக்குத் தலைமை தாங்குபவர் அமரும் இருக்கை நாற்காலியன்று. கம்பளி மயிர் அடைத்த சிவந்த மெத்தை. பதினான்காம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்ட் மன்னன் காலத்தில், நாட்டின் வளத்துக்கு அறிகுறியாக இவ்வழக்கம் ஏற்பட்டதென்பர். 2006ஆம் ஆண்டுவரை அதில் அமர்ந்தவர் சட்டத்துறைத் தலைவராவர். அதன்பின் சபையின் சபாநாயகர் அமர்கின்றார். ஆட்சிபீடமே கம்பளிமீது அமைந்த நாட்டிற் பேச்சுமொழியும் கம்பளியின் வாடையைப் பெற்றமை வியப்பன்று. மணமாகாத முதுகன்னியைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய ‘ஸ்பின்ஸ்டர்’ என்னுஞ் சொல், முதலில் இராட்டினத்தில் நூல் நூற்கும் பெண்ணையே குறித்தது.

ஆட்டின் உடலினின்று கத்தரித்தெடுத்த மயிர் உடனே நூற்பதற்கு உதவாது. அதில் அழுக்கும், பிசுபிசுப்பான கொழுப்பும், மேய்ந்த புதர்களின் முட்களுஞ் சருகுகளும் படிந்திருக்கும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்குண்டு கிடக்கும். அதனைக் கழுவியபின், விரல்களாற் சிறிது சிறிதாக இழுத்துப் பிரித்துச் சிக்கெடுத்தல் வேண்டும். பின்னரே வாருதலும் நூற்றலும். இவ்வாறு இழைகளைப் பற்றி இழுத்துப் பிரிக்கும் வேலையையே பழைய ஆங்கிலத்தில் ‘டேசன்’ என்னும் வினைச்சொல் உணர்த்திற்று. டச்சு, டேனிஷ், பழைய ஜெர்மன் ஆகிய மொழிகளிலும் இதற்கு இனமான சொற்கள் இதே பொருளில் வழங்கியமையால், இச்சொல் அம்மொழிகள் தம்முட் பிரிவதற்கு முன்னரே அம்மக்களிடையே வழங்கியதெனத் துணியலாம். அந்த ‘டேசன்’ என்பதே திரிந்து ‘டீஸ்’ ஆயிற்று. கம்பளித் தொழிலில் இச்சொல்லின் பழைய பொருள் இன்றும் அழிந்துவிடவில்லை.

இச்சொல்லுக்கு உடன்பிறப்பாகிய பெயர்ச்சொல்லொன்றும் உண்டு. அது ‘டீஸில்’ என்னும் ஒரு முட்செடியின் பெயர். ஆளுயரம் வளரும் இச்செடியின் பூந்தலை முட்டை வடிவினது. காய்ந்தபின் அதிலுள்ள சிற்றிலைகள் நுனி வளைந்த கொக்கிகளாக விறைத்து நிற்கும். நெய்து, நனைத்து, மிதித்து இறுக்கிய கம்பளித் துணியின்மீது இப்பூந்தலைகளை ஒரு சட்டத்திற் பொருத்தி இழுக்குமிடத்து, இழைகளின் நுனிகள் மெல்ல மேலெழுந்து துணி பூனைக்குட்டியின் மேனிபோல மென்மை பெறும். பின்னர் அம்மயிரைப் பெருங் கத்தரிகளால் ஒரே மட்டமாக வெட்டுவர். தென்மேற்கு இங்கிலாந்தின் சொமர்செட் பகுதியில் உழவர் இதனை ஒரு பயிராகவே விளைத்து வந்தனர். 1528ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பெற்ற துணித் தொழிலாளர் சங்கத்தின் கேடயச் சின்னத்திலும் இம்முட்செடியின் தலை பொறிக்கப்பட்டுள்ளது.

இச்செடிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. துணியில் முடிச்சோ தடையோ எதிர்ப்படுமாயின், டீஸிலின் கொக்கி தானே முறிந்துபோகும், துணி கிழிவதில்லை. இரும்புக் கம்பியோ தான் முறியாது துணியைக் கிழித்துவிடும். இக்காரணத்தினாலே, எந்திரங்கள் பெருகிய பின்னரும், உயர்ந்த கம்பளித் துணிகளுக்கும் பில்லியர்ட் மேசையில் விரிக்கும் துணிக்கும் இருபதாம் நூற்றாண்டிலுங்கூட இம்முட்செடியைப் பயன்படுத்தியோர் இருந்தனர். சிக்கெடுக்கும் கையும் மயிரெழுப்பும் முள்ளும் துணியின் நன்மைக்காகவே தொழிற்பட்டன என்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும். இழுப்பதிற் கடுமை இருந்தது. ஆயினும் அழிக்கும் நோக்கம் இருக்கவில்லை.

இனி, இச்சொல் மயிரை விட்டு மனிதர்மீது தாவிய வரலாற்றைக் காண்போம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1610களில், பிறரைத் தொல்லைப்படுத்துதல் என்னும் பொருளில் ‘டீஸ்’ வழங்கத் தொடங்கியதெனச் சொல்லாராய்ச்சியாளர் காட்டுவர். அதே காலத்தெழுந்த ஷேக்ஸ்பியரின் ‘குளிர்காலக் கதை’ என்னும் நாடகத்தில் இதனையொத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆட்டு மயிர் கத்தரிக்கும் திருவிழா நடைபெறும் நாட்டுப்புறக் காட்சியில், ஓட்டோலிக்கஸ் என்னும் பசப்புக்காரன் கிழ இடையனிடம் அவன் வந்த காரியத்தைப் பிடுங்கியறிய முயல்கின்றான். அதற்கு அவன் கையாளும் சொல், கம்பளியைப் பிய்த்துப் பிரித்தலைக் குறிக்கும், ‘டீஸ்’ என்பதற்கு உறவான ஒரு பழஞ்சொல்லே. மயிரைப் பிய்ப்பதுபோல மனத்திலுள்ளதைப் பிய்த்தெடுத்தல் என்னும் உருவகம் அக்கால மக்களுக்கு விளக்கம் வேண்டாததாக இருந்தமை இதனாற் புலனாகும்.

இவ்வுருவகத்தின் பொருத்தம் எண்ணத்தக்கது. கம்பளியைப் பிரிப்பவன் அதனை வெட்டுவதில்லை, அடிப்பதுமில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பற்றி மீண்டும் மீண்டும் இழுக்கின்றான். கேலி செய்பவனுடைய செயலும் அத்தகையதே. ஒருவனுடைய நடை, உடை, பேச்சு, விருப்பம் என்பவற்றுள் ஏதேனும் ஒரு நுனியைப் பற்றி, அவன் பொறுமையிழக்கும்வரை இழுத்துக்கொண்டேயிருக்கின்றான். முதலில் தொல்லைப்படுத்துதல் என்ற பொருளே மேலோங்கி நின்றது. காலஞ் செல்லச் செல்ல, நண்பர் நண்பரை அன்பினாற் கேலி செய்வதையும் அச்சொல்லே குறிக்கலாயிற்று. இவ்வாறு இரண்டு முனைகள் கொண்ட சொல்லாக அது வளர்ந்தது. ஒரு முனையில் அன்பும், மறு முனையில் வதையும் நின்றன.

தமிழிலும் இதனையொத்த சொற்பிறப்புக் காணப்படுகின்றது. அடுப்பிலுள்ள நெருப்பையோ அடிமண்ணையோ கிளறுதலைக் குறிக்கும் ‘கிண்டு’ என்னும் வினையினின்றே ‘கிண்டல்’ தோன்றிற்று. நகைச்சுவையின் தோற்றுவாய்கள் நான்கெனக் கூறும் தொல்காப்பியம், அவற்றுள் எள்ளலையே முதலிற் கூறுகின்றது. சிரிப்பின் வேர்களுட் பிறரை இகழ்தலும் ஒன்றென்பதைப் பழந்தமிழ் இலக்கணம் மறைக்கவில்லை.

கம்பளியிலிருந்து ‘டீஸ்’ பிறந்ததுபோல, ஆளிச் செடியின் நாரிலிருந்து அதன் துணைச்சொல்லாகிய ‘ஹெக்கிள்’ பிறந்தது. பொதுக்கூட்டத்திற் பேசுபவரைக் குறுக்குக் கேள்விகளாலும் கேலிக் குரல்களாலும் மடக்குதலை ஆங்கிலத்தில் இச்சொல்லாற் குறிப்பர். ஆளிச் செடியின் தண்டை நீரில் ஊறவைத்து, உலர்த்தி, அடித்து, பின்னர் எஃகு ஊசிகள் நாட்டிய பலகையில் அதன் நாரை மீண்டும் மீண்டும் அறைந்து இழுப்பர். குட்டை நாரும் குப்பையும் ஊசிகளிலே தங்கிவிட, நீண்ட நார் பட்டுப்போன்று கையில் நிற்கும். அந்த ஊசிப் பலகையின் பெயரே ‘ஹெக்கிள்’.

ஸ்கொட்லாந்திலுள்ள டண்டீ நகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் இந்நார்த் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கு நார் வாரும் தொழிலாளர் கைத்திறனும் ஒற்றுமையும் அரசியல் உணர்வும் மிக்கவராக விளங்கினர். ஒருவர் அன்றைய செய்தித்தாளை உரத்து வாசிக்க, ஏனையோர் வேலை செய்தவாறே கேட்டு விவாதிப்பது அவர்தம் தொழிற்சாலைகளின் வழக்கமென அந்நகர வரலாறு கூறும். பாராளுமன்றத்துக்குப் போட்டியிடுபவரைப் பொதுமக்கள் முன்னிலையில் நிறுத்திச் சரமாரியாக வினவுதல் ஸ்கொட்லாந்தில் நெடுங்கால மரபாக நிலவியது. அம்மரபுக்கும் ‘ஹெக்கிள்’ என்ற பெயரே வழங்கிற்று. நாரிலுள்ள குப்பையை நீக்குவதுபோல, வேட்பாளரின் பேச்சிலுள்ள பொய்யை நீக்குவதே அதன் பயன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்திரங்கள் அத்தொழிலாளரின் கைவேலையைப் பறித்தன. அவர்கள் வழங்கிய சொல் மட்டும் அரசியல் மேடையிலே நிலைத்துவிட்டது.

இவ்விரு சொற்களிலும் ஒரு பொதுமை உண்டு. இழுப்பதும் குத்துவதும் ஒரு பயனை நாடியே நிகழ்ந்தன. ஆனால், சொல் தொழிற்களத்தைவிட்டு வெளியேறியபோது அப்பயன் உடன் வரவில்லை. இழுக்குஞ் செயல் மட்டும் எஞ்சிற்று; எதற்காக இழுக்கின்றோம் என்ற எண்ணம் மறைந்தது. அதனாலேயே, விளையாட்டின் பெயரைச் சூடிக் கொடுமை நடமாடுதற்கு வழி பிறந்தது.

இதனை விளக்கும் பழைய நிகழ்ச்சியொன்று கேம்பிரிட்ஜ் நகரில் நடந்தது. சீண்டுதலைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லாகிய ‘ராக்’ என்பது, பதினெட்டாம் நூற்றாண்டில் வைதல் என்னும் பொருளில் வழங்கி, பின்னர் தொல்லைப்படுத்துதலைக் குறித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பல்கலைக்கழக மாணவரின் கூட்டுக் குறும்புக்குப் பெயராயிற்று. 1897ஆம் ஆண்டு மே மாதம், பெண்களுக்கும் பட்டம் வழங்கலாமா என்பதைத் தீர்மானிக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வாக்கெடுப்பு நடைபெற்றது. அன்று ஆண் மாணவர்கள், துவிச்சக்கரவண்டியில் ஏறிய ஒரு பெண்ணின் உருவப் பொம்மையைச் செய்து, பல்கலைக்கழக மன்றத்துக்கு எதிரே தெருவுக்கு மேலாகத் தொங்கவிட்டனர். யோசனை தோற்கடிக்கப்பட்டதும், அப்பொம்மையை இறக்கிச் சிதைத்து, பெண்கள் பயிலும் நியூனம் கல்லூரியின் வாயிற் கதவினூடாக அதன் சிதைவுகளைத் திணித்தனர். ஆர்ப்பரித்தவர்களுக்கு அது வேடிக்கை. கதவின் உட்புறத்தில் நின்ற பெண்களுக்கு அஃது என்னவாகத் தோன்றியிருக்குமென்பதைக் கூறவேண்டுவதில்லை. அப்பல்கலைக்கழகத்திற் பெண்கள் முழு உரிமையுடன் பட்டம் பெறுதற்கு 1948ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

ஆங்கிலேயருடைய ஆட்சியோடும் கல்வியோடும் அவர்களுடைய சொற்கள் கடல் கடந்து வந்தன. இந்தியாவிலே ‘டீஸ்’ என்னும் சொல் ஒரு புதிய தொடராக உருப்பெற்றது. தெருவிலும் பேருந்திலும் பெண்களை ஆடவர் பின்தொடர்ந்து, இழிமொழி பேசி, உடலைத் தீண்டித் துன்புறுத்தும் செயலை ‘ஈவ் டீஸிங்’ என்று இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் குறிப்பிடலாயின. விவிலியம் கூறும் முதற் பெண்ணாகிய ஏவாளின் பெயரோடு கேலிக்குரிய சொல்லைச் சேர்த்து அமைத்த தொடர் இது. ஏவாள் என்ற பெயரிலேயே ஆடவனை மயக்கியவள் என்ற குறிப்பு மறைந்து கிடக்கின்றது; கேலி என்ற சொல்லிலோ குற்றமென்ற எண்ணமே இல்லை. ஆகவே, துன்புற்றவளைக் குற்றவாளியாகவும் துன்புறுத்தியவனைக் குறும்புக்காரனாகவும் காட்டும் ஆற்றல் இத்தொடருக்கு வாய்த்தது.

அதன் விளைவு 1998ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு சென்னையில், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் துன்புறுத்தலாற் கீழே வீழ்ந்து தலையில் அடிபட்ட கல்லூரி மாணவி ஒருத்தி உயிர் நீத்தாள். நாடு கொதித்தெழுந்தது. தமிழ்நாடு அரசு முதலில் ஓர் அவசரச் சட்டத்தையும் பின்னர் அவ்வாண்டிலேயே முறையான சட்டத்தையும் இயற்றியது. குற்றவாளிக்கு ஓராண்டுவரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அன்றைய சட்டம் இடமளித்தது. ஆயினும் அச்சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீஸிங்’ என்ற தொடர் அமைந்திருந்தது. ஓர் உயிரைப் பறித்த செயல் சட்டப் புத்தகத்திலுங் கேலியாகவே பெயர்பெற்றது. 2002ஆம் ஆண்டின் திருத்தத்தினால் அத்தொடர் நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துதல் என்னும் நேரிய பெயர் இடப்பட்டது. 2012ஆம் ஆண்டு நவம்பரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றமும், இத்தொடர் கொடுமையை மென்மையாக்கிக் கூறும் மங்கல வழக்கே என்பதை எடுத்துக் காட்டிற்று. பேருந்து நிலையம், புகையிரத நிலையம் முதலிய இடங்களிற் சாதாரண உடையணிந்த பெண் காவலரை நிறுத்துமாறும் அத்தீர்ப்பு அரசுகளுக்குப் பணித்தது.

அதே 1998ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றமும் இத்தகைய மற்றொரு கொடுமைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. கேம்பிரிட்ஜ் மாணவரின் ‘ராக்’ இங்கிலாந்திலே காலப்போக்கில் மாறி, வேடமணிந்து ஊர்வலம் சென்று தருமப் பணிகளுக்கு நிதி திரட்டும் மாணவர் விழாவுக்குப் பெயராயிற்று. அதே சொல் இலங்கையிலும் இந்தியாவிலும் ‘ராக்கிங்’ என வழங்கி, புதிதாகச் சேர்ந்த மாணவரை மூத்த மாணவர் வதைக்கும் வழக்கத்தைக் குறித்தது. ஒரே சொல், ஒரு நாட்டில் அறச்செயலுக்கும் மற்றொரு நாட்டிற் கொடுஞ்செயலுக்கும் பெயராக நின்ற விந்தை இது. 1975ஆம் ஆண்டு பேராதனையில் இவ்வதையினின்று தப்ப முயன்ற மாணவி ஒருத்தி விடுதியின் மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்தாள். 1997ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில், கடுமையான உடற்பயிற்சிகளுக்கு உட்படுத்தப்பட்ட பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். இவற்றின் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. இவ்வதைக்கு இரண்டாண்டுவரை கடூழியச் சிறையும், அதனாற் பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளையுமாயின் பத்தாண்டுவரை சிறையும் விதிக்க அச்சட்டம் வகைசெய்கின்றது.

இக்கொடுமைக்கு இலங்கைத் தமிழர் இட்ட பெயர் ஈண்டுக் கருதத்தக்கது. ‘ராக்கிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் ‘பகிடிவதை’ என மொழிந்தனர். பகிடி என்பது ஈழத்தமிழரின் நாவில் நாள்தோறும் வழங்கும் இனிய சொல். திண்ணையிலும் சந்தையிலும் கேட்கும் சிரிப்பின் பெயர். வதை என்பதன் பொருள் சொல்லாமலே விளங்கும். இவ்விரண்டையும் ஒரு தொடராக்கியபோது, ஆங்கிலச் சொல் மறைத்த உண்மையைத் தமிழ்ச்சொல் வெளிப்படுத்திவிட்டது. பகிடியென்று தொடங்குவது வதையாக முடிவதுண்டு என்ற எச்சரிக்கை அச்சொல்லின் உள்ளேயே அமைந்திருக்கின்றது. ‘ஈவ் டீஸிங்’ என்னும் தொடரைத் திருத்துதற்கு ஒரு சட்டசபை கூடவேண்டியிருந்தது. பகிடிவதை என்னும் சொல்லுக்கோ அத்தகைய திருத்தம் வேண்டியதில்லை.

எனினும், சொல் உண்மையைக் கூறினாற் போதாது. கேட்பவர் அதற்குச் செவிசாய்த்தலும் வேண்டும். சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் பகிடிவதை முற்றாக ஒழிந்துவிடவில்லை. ‘விளையாட்டுக்குச் செய்தோம்’ என்ற சமாதானம் இன்றுங் கேட்கின்றது. செய்பவன் எதனை எண்ணினான் என்பதைக்கொண்டு மட்டும் கேலியையும் வதையையும் பிரித்தறிதல் இயலாது. அனுபவிப்பவன் தானும் உடன் சிரிக்கின்றானா, நிறுத்தென்று கூற அவனுக்கு வலிமை உண்டா, கூறினால் நிறுத்தப்படுமா என்பனவே அதற்குரிய அளவுகோல்கள். சமமானவர்களிடையே இருபுறமும் செல்லும் கேலி நட்பை வளர்க்கும். கூட்டமாக நின்று தனியொருவரை, அவர் விலகிச் செல்ல முடியாத நிலையிற் சீண்டுதல் எப்பெயரால் வழங்கினும் வதையேயாகும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆட்டு மயிரைச் சிக்கெடுத்த தொழிலாளிக்கு இவ்வளவைக் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. எவ்வளவு இழுத்தால் இழை பிரியும், எவ்வளவு இழுத்தால் அறும் என்பதை அவன் விரல்கள் அறிந்திருந்தன. துணியிலே தடை நேர்ந்தவிடத்துத் துணியைக் கிழியாது தான் முறிந்த முட்செடியையே அவன் தன் கருவியாகத் தேர்ந்தான். அவன் வழங்கிய சொல்லை எடுத்துக்கொண்ட உலகம், அச்சொல்லோடு பிறந்த அந்த அளவறிவையும் எடுத்துக்கொள்ளுதல் முறையாகும்.